எந்த வழித்துணையோடு கிளம்புவது?

சித்தி மகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாவல் கையில் கிடைத்தால் விடிய விடிய உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். வீடியோ கேம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் ஆடிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று கால் மணி நேரம் பார்த்தவள், “என்னண்ணா, சண்டையே வரல. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடக்கறாங்க. இப்படியும் கேம் இருக்கா?” என்றாள். புது வேலையில் சேர அவளுக்கு இரண்டு மாத இடைவெளி இருந்தது. “இந்த மாதிரி ஒண்ணு எனக்குச் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. நாலு பேரைச் சொல்லிக் குழப்பாதே” என்று கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அந்த ஒன்றைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கதைக்குள் ஒரு பாத்திரமாக நாமே நடந்து ஆடும் ஆர்.பி.ஜி. வகையில் எழுத்துக்காக ஆட வேண்டியது எது என்று பேச்செடுத்தாலே ஆறு பெயர்கள் வந்து நிற்கும்: பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999), ஸ்டார் வார்ஸ் வரிசையில் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2 (2004), டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009), மாஸ் எஃபெக்ட் 2 (2010), டிஸ்கோ எலிசியம் (2019), பால்டர்ஸ் கேட் 3 (2023). ஆறையும் முடித்திருக்கிறேன், சிலவற்றை இரண்டு மூன்று தடவை. ஆறுமே நல்ல எழுத்துதான். ஆனால் நம்மோடு கூட வரும் பாத்திரத்தை ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி எழுதியிருக்கிறது. அதில்தான் தேர்வு இருக்கிறது.

முதலில் எதை வைத்து அளப்பது என்று ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. சொற்களின் எண்ணிக்கையை வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. டார்மென்ட்டில் சுமார் 8 லட்சம் சொற்கள் என்பார்கள், டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். குரல் நடிப்பை வைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. எத்தனை பேரோடு காதல் செய்யலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் பார்ப்பது ஒன்றைத்தான். நான் எதுவும் கேட்காதபோது அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது?

பல கேம்களில் கூட வருபவர் முகாமில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். நாம் போய்ப் பேசினால், நம் பக்கத்தில் கேள்விகள் வரிசையாக வரும். உன் ஊர் எது, உன் குடும்பம் எப்படி, உன் துக்கம் என்ன என்று ஒவ்வொன்றாக அமுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். கேட்டு முடித்த கேள்வி மங்கிப் போகும். எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது விசாரணைக் கூண்டில் நிற்கும் சாட்சியின் பேச்சு மாதிரிதான். துணை அப்படிப் பேசாது. நம் அகப்பாடல் மரபில் தோழி யார் கேட்டதற்காகவும் காத்திருப்பதில்லை. தலைவி வாயே திறக்காத இடத்தில் தோழி தலைவனிடம் பேசுவாள், இரவில் வராதே என்பாள், எப்போது மணம் பேசுவாய் என்பாள். பாங்கன் தலைவனையே இடித்துரைப்பான். கூட வருபவருக்குக் கண் உண்டு, அபிப்பிராயம் உண்டு, சொல்லாமல் வைத்திருக்கும் விஷயமும் உண்டு. இந்த மூன்றும் இருக்கிறதா என்றுதான் ஆறையும் பார்த்தேன்.

பால்டர்ஸ் கேட் 3 எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் செய்தது. நடிகர்களின் உடலசைவையும் முகத்தையும் பதிவு செய்து பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரு புருவ அசைவு, ஒரு வாய்க் கோணல்கூட வசனமாகிறது. கூட வருபவர்களில் ஒருவனான அஸ்டாரியன் அதற்கு நல்ல உதாரணம். முதல் சந்திப்பிலேயே நம் கழுத்தில் கத்தியை வைப்பான். அப்புறம் ஓர் இரவு நாம் தூக்கத்தில் கண் விழித்தால், அவன் நம் மேல் குனிந்திருப்பான், கடித்து ரத்தம் குடிக்க. நாம் கேட்டு அவன் சொன்ன ரகசியம் இல்லை அது, கையும் களவுமாக மாட்டிக்கொண்ட ரகசியம். அந்தக் கணத்தில் அவன் முகத்தில் வரும் பதற்றமும், உடனே அதை மூடப் போடும் சிரிப்பும், எழுத்தும் நடிப்பும் சேர்ந்து செய்த வேலை. அஸ்டாரியனாக நடித்த நீல் நியூபனுக்கு அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்ததில் வியப்பில்லை.

கூட வரும் இன்னொருத்தியான ஷேடோஹார்ட்டின் கதையில் இன்னொரு இடம் வரும். அவள் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டிய நேரம். ‘செய்’ என்றோ ‘செய்யாதே’ என்றோ நாம் வற்புறுத்தலாம். ஒன்றும் சொல்லாமல் அவளை நம்பி ஒதுங்கியும் நிற்கலாம். அதுவரை நம் நட்பு எப்படி வளர்ந்தது என்பதைப் பொறுத்து, அவளாகவே முடிவெடுப்பாள். நான் முதல் தடவை ஒதுங்கி நின்றேன். அந்தச் சில நொடிகள் எனக்கு மூச்சே விட முடியவில்லை. துணையை நம்புவது என்ற ஒன்றை ஆட்டத்தின் செயலாகவே மாற்றிய இடம் அது.

ஆனால் இந்தக் கேமில் எனக்கு ஒரு குறை உண்டு. கூட வருபவர்கள் எல்லோரும் நம்மேல் சீக்கிரம் பிரியமாகிவிடுகிறார்கள். நாம் ஒன்று செய்தால் திரையோரத்தில் ‘இன்னாருக்குப் பிடித்தது’ என்று எழுத்து வரும். அந்த எழுத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், நாமும் மெல்ல மெல்ல எல்லோருக்கும் பிடித்தமாதிரி நடக்க ஆரம்பித்துவிடுகிறோம். லேசெல் ஒருத்திதான் நெடுநேரம் விறைப்பாக இருப்பாள். அவள் முகத்தில் ஒரு சிறு கனிவு வரும்போது அதற்கு மதிப்பு இருக்கிறது. மற்றபடி, கும்பலாக நண்பர்களோடு ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கேம் இன்று இல்லை. என் தங்கைக்கு இடித்தது வேறு: 150 ஜிபி இடம், அதுவும் எஸ்.எஸ்.டி.யில். அவளுடைய மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது. போதாக்குறைக்கு, முறை வைத்து நடக்கும் சண்டைகளில் பெரியவை அரை மணி, முக்கால் மணி இழுக்கும். வசனத்துக்காக வருகிறவளுக்கு அது நடுவில் நிற்கும் சுவர்.

குரல் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா வசனத்துக்கும் குரல் வேண்டும் என்று முடிவு செய்தால், ஒவ்வொரு வரிக்கும் நடிகர், ஒலிப்பதிவு, அசைவு என்று செலவு ஏறும். பிறகு ஒரு வரியை மாற்ற நினைத்தால் நடிகரைத் திரும்ப அழைக்க வேண்டும். அதனால் எழுதுகிறவர் வரிகளை எண்ணி எண்ணித்தான் எழுதுவார். வெறும் எழுத்தாக இருந்த காலத்தில் ஒரு பாத்திரம் ஒரு பக்கம் நீளத்துக்குப் பேசினாலும் அதற்குக் கூடுதல் செலவு எழுதுகிறவரின் நேரம் மட்டுமே. கேம்களின் வசனம் காலப்போக்கில் சுருங்கியதற்கு ரசனை மட்டும் காரணமில்லை.

அந்தச் சுருக்கம் பளிச்சென்று தெரிவது மாஸ் எஃபெக்ட் 2இல். அதில் நம் பாத்திரமான ஷெப்பர்டும் பேசுவார் என்பதால், நாம் தேர்ந்தெடுக்கத் திரையில் வருவது நாலு சொல் சுருக்கம்தான். ஷெப்பர்ட் வாயிலிருந்து வரும் முழு வாக்கியம் சில நேரம் நாம் நினைத்ததற்கு எதிர்த்திசையில் போய்விடும். கூட வருபவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அத்தியாயம் கொடுத்து, அவர்கள் பிரச்சினையை நாம் தீர்த்துவைத்தால் நம் பக்கம் உறுதியாக நிற்பார்கள் என்று அமைத்திருக்கிறார்கள். மோர்டின் சோலஸ் என்ற விஞ்ஞானியின் அத்தியாயம் அருமை. ஓர் இனத்தின் பிறப்பையே கட்டுப்படுத்திய ஆராய்ச்சியில் தனக்கு இருந்த பங்கை அவர் நியாயப்படுத்திக்கொண்டே, உள்ளுக்குள் நொறுங்கும் விதம் மறக்காது. ஆனால் அத்தியாயம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. கூட வரும் கேரஸிடம் போனால் பீரங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்பான். திரும்பப் போனாலும் அதே பதில். அவனை அவ்வளவு நேசிக்கும் ரசிகர்கள் அந்த ஒரு வரியை இன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதில் ஏக்கமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். முழு மூன்று பாகமும் ஆட நேரம் இருந்தால் மட்டும் இதற்குள் போகலாம்.

அதே பயோவேர் நிறுவனம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் வெளியிட்டது டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். இதில் நம் பாத்திரத்துக்குக் குரல் கிடையாது. நாம் சொல்லப்போகும் வாக்கியம் முழுசாகத் திரையில் இருக்கும். படித்துப் பார்த்துச் சொல்லலாம். எனக்கு இது எப்போதும் கூடுதல் நெருக்கம் தருகிறது, அந்த வாக்கியம் என் மனசுக்குள் என் குரலில் ஒலிப்பதால்.

இந்தக் கேமின் பெரிய பலம் நடக்கும்போது கேட்கும் பேச்சு. நாலு பேராகப் போய்க்கொண்டிருப்போம். ஒரு பாலத்தைத் தாண்டும்போது அலிஸ்டரும் மாரிகனும் திடீரென்று சண்டை போட ஆரம்பிப்பார்கள். நாம் கேட்கவே இல்லை. நமக்காகவும் பேசவில்லை. அவர்களுக்கிடையே ஓர் உறவு இருக்கிறது, அது நம்மைச் சுற்றி வரவில்லை. வயதான வின் அம்மாளை ஒரு முறையும் ஸ்டென்னை ஒரு முறையும் கூட்டிப் போனால், அதே தெருவில் வேறு பேச்சு கேட்கும். யார் யாரோடு எப்படிப் பேசுவார்கள் என்று பார்ப்பதற்காகவே ஆளை மாற்றி மாற்றிக் கூட்டிப் போயிருக்கிறேன்.

இவர்களுக்குக் கோபமும் வரும். புனிதமென்று வின் நம்பும் ஒன்றை அவள் கண்முன்னே நாம் களங்கப்படுத்தினால், அங்கேயே ஆயுதத்தை எடுப்பாள். பத்து இருபது மணி நேரம் நமக்கு மருத்துவம் பார்த்தவள். கதை முடியும் தறுவாயில், ஒரு துரோகியை மன்னித்துச் சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் விலகிப் போய்விடுவான். எவ்வளவு நெருக்கம் இருந்தாலும் சரி, நிற்க மாட்டான். எனக்கு அந்த மன்னிப்பு நியாயமாகத்தான் பட்டது. அலிஸ்டருக்கு அது நியாயமாகப் படவில்லை. இரண்டு நியாயமும் இன்றுவரை என் மனசில் அப்படியே இருக்கின்றன.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அன்பை எண்ணில் காட்டுகிறார்கள், மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை. அந்த எண்ணைப் பரிசுப் பொருள் கொடுத்து ஏற்றலாம். முதல் தடவை ஆடியபோது, ஏழைகளுக்கு இலவசமாக உதவி செய்து மாரிகனின் மதிப்பை இழப்பதும், முகாமுக்கு வந்து ஒரு நகையைக் கொடுத்து அதை மீட்பதுமாக இருந்தேன். நாளடைவில் அவளிடம் மனுஷியோடு பேசும் உணர்வே போய், கடைக்காரரிடம் கணக்குத் தீர்க்கிற உணர்வு வந்துவிட்டது. அதே பரிசு ஏற்பாட்டுக்குள்தான் அந்தத் தங்கக் கண்ணாடியும் இருக்கிறது. மாரிகன் ஒரு நாள் தன் சிறுவயதுக் கதை சொல்வாள். காட்டை விட்டு வெளியே வந்து, ஒரு சீமாட்டியின் கைக்கண்ணாடியைத் திருடிக்கொண்டு ஆசையாக வீடு திரும்பினாள். அவள் தாய் ஃப்ளெமெத் அதைத் தரையில் அடித்து உடைத்துவிட்டாள். நெடுநேரம் கழித்து, வேறொரு நகரத்தில் அதே போன்ற கண்ணாடி ஒன்று கடையில் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தால், எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கும் அந்தப் பெண் தடுமாறிவிடுவாள். இதற்குப் பதிலாக என்னிடம் என்ன எதிர்பார்க்கிறாய் என்பாள். ஒன்றும் இல்லை என்று சொன்னால், அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியாது. கேட்ட கதையை நினைவில் வைத்திருந்து செய்த ஒரு காரியம் என்பதால், அந்த எண் எவ்வளவு ஏறியது என்று நான் பார்க்கவே இல்லை.

நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2இல் வரும் கிரேயா கேம் உலகத்தின் மிகக் கறாரான துணை. கண் தெரியாத கிழவி. நம்மை ஒரு கணம்கூடச் சும்மா விட மாட்டாள். நார் ஷடா என்ற ஊரில் ஒரு பிச்சைக்காரர் வந்து கையேந்துவார். கொடுக்கலாம், விரட்டலாம். கொடுத்தால், அந்தக் காசுக்காகவே அவரை இன்னொருவன் அடிப்பதைக் கிரேயா நமக்குக் காட்டுவாள். சரி, விரட்டிவிட்டால்? அந்த ஆத்திரத்தில் அவர் போய் வேறொருவர்மேல் பாய்வதைக் காட்டுவாள். எது செய்தாலும் திட்டு. முதல் முறை எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லது செய்தால் நல்ல பெயர் என்றுதானே கேம்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன? கிரேயா அந்தப் பழக்கத்தின் மேலேயே கை வைக்கிறாள். கொடுப்பதற்கு முன் யோசித்தாயா, உன் மனசு நிறையக் கொடுத்தாயா, அவருக்காகக் கொடுத்தாயா என்பதுதான் அவள் கேள்வி. 2004 கடைசியில் அவசரமாக வெளியிடப்பட்டதால் கேமின் பிற்பகுதி அரைகுறையாக நிற்கும். விட்டுப்போனதை ரசிகர்களே பிறகு சேர்த்து ஒரு மாட் (கேமின் மேல் போட்டுக்கொள்ளும் திருத்தத் தொகுப்பு) செய்திருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். ஸ்டார் வார்ஸ் உலகத்தில் ஜெடாய் என்றால் யார், எதை நம்புகிறவர்கள் என்று தெரிந்திருந்தால்தான் கிரேயா எதை உடைக்கிறாள் என்பது உறைக்கும். தங்கை அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. அதனால் இது அவளுக்கு இப்போது வேண்டாம் என்று வைத்தேன்.

டார்மென்ட்டைத் தள்ளி வைப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிணவறை மேசையில் நாம் கண் விழிக்கிறோம், பெயர் நினைவில்லை. மிதந்து வரும் ஒரு மண்டையோடு, மோர்ட், நம்மிடம் பேச்சுக் கொடுக்கிறது. நம் முதுகில் ஏதோ பச்சை குத்தியிருக்கிறது, நமக்குத் தெரியாது, அது வாசித்துச் சொல்கிறது. பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அப்போது மோர்ட் ஒரு வரியை வாசிக்காமல் விட்டிருக்கிறது என்று. என்ன வரி என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில், நமக்குக் கிடைத்த முதல் துணை நம்மிடம் ஒன்றை மறைக்கிறது, அதுவும் நம் முதுகிலேயே எழுதியிருப்பதை. இதற்கு இணையான தொடக்கம் நான் பார்த்ததில்லை.

அப்புறம் டக்கோன். வாளேந்திய முதியவர். ‘அறிதல்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றியே அவர் பேச்சு ஓடும். எதையும் நினைக்கிறேன், தோன்றுகிறது என்று சொல்ல மாட்டார், அறிவேன் என்பார். அவரிடம் வட்டமான ஒரு கல் இருக்கிறது, அடுக்கடுக்காகத் திறக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் அவர் இனத்தின் ஞானியைப் பற்றிய ஒரு கதை. நாம் படித்துவிட்டு வந்து என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அடுக்கு. குருகுலம் மாதிரிப் போய்க்கொண்டிருக்கும் இது ஒரு கட்டத்தில் தலைகீழாகும். அவருக்கே திறக்காத அடுக்கு நமக்குத் திறக்கும். நாம் சொல்லச் சொல்ல ஆசான் மாணவனாகக் கேட்பார். நம்பிக்கை இழந்த ஒரு மனிதர் இவ்வளவு காலம் பாடம் சொல்லித் தந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும். எல்லாம் எழுத்தாகவே வரும், குரல் மிகக் குறைவு. 2017இல் வந்த மேம்படுத்திய பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எந்தக் கணினியிலும் ஓடும்.

பிறகு ஏன் இதைச் சொல்லவில்லை? காரணம் இரண்டு. சண்டை மோசம், குழப்பம், முழுசாகத் தவிர்க்கவும் முடியாது. கேம் ஆடிப் பழகாதவர்கள் அங்கே விட்டுவிடுவார்கள். இரண்டாவது, மொழி. இந்தக் கேம்கள் எதுவும் தமிழில் வரவில்லை, ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். டார்மென்ட் நகரத்தில் பேசுவது பழைய லண்டன் தெருப் பேச்சைத் தழுவிய கொச்சை. ஆரம்பத்தில் பாதி சொற்கள் பிடிபடாது. பழகிய பின் அதுவே ருசி. முதல் கேமுக்கு அந்தப் பொறுமையைக் கேட்பது அதிகம். இரண்டாவதாக இதைத்தான் கொடுப்பேன்.

ஆக, டிஸ்கோ எலிசியம். அவள் என் பின்னால் நின்று பார்த்ததும் இதுதான். எஸ்டோனியக்காரர்கள் செய்தது, ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் எழுதியது. சண்டை முறையே கிடையாது. துப்பாக்கி வெடிக்கும் இடம்கூட வசனத்துக்குள்ளேயே, இரண்டு பகடை உருட்டலில் நடந்துவிடும். 2021இல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் எல்லா வரிக்கும் குரல் இருக்கிறது. செலவு பற்றி முன்னால் சொன்னேன் இல்லையா, இங்கே எழுத்து முதலில் முழுசாக முளைத்து, குரல் பிறகு வந்து சேர்ந்தது. அதனால் எழுத்து சுருங்கவில்லை.

நாம் ஒரு போலீஸ்காரர். குடித்துக் குடித்து எல்லாவற்றையும் மறந்து, விடுதி அறையைச் சூறையாடிவிட்டுத் தரையில் கிடப்பவர். கீழே இறங்கி வந்தால், ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார். கிம் கிட்சுராகி, வேறு காவல் நிலையத்திலிருந்து இந்த வழக்கில் நம்மோடு சேர வந்தவர். விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு பிணம் ஒரு வாரமாகத் தொங்குகிறது. நாம் வந்து சில நாளாகியும் இறக்கவில்லை. இதைக் கிம்மிடம் நாம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கத்த மாட்டார். ஒரு சின்ன நிறுத்தம். சரி, போய்ப் பார்ப்போம் என்பார். பிணத்தின் நாற்றத்தில் நமக்கு வாந்தி வரும். கிம் கேலி செய்யாமல் காத்திருப்பார்.

என் அளவுகோலில் கிம் முதலிடம் வருவதற்குக் காரணம் அந்த நிறுத்தங்கள். கூடவே நிற்கிறார், நோட்டில் குறித்துக்கொள்கிறார், நாம் சாட்சியிடம் பேசும்போது இடையில் ஒரு வரி சொல்வார். அதோடு சரி. நாம் முட்டாள்தனமாக ஏதாவது சொன்னால் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். அவருக்கு நம்மேல் எவ்வளவு மதிப்பு என்று கேம் உள்ளுக்குள் கணக்கு வைத்திருக்கிறது, திரையில் காட்டாது. அதனால் பரிசு கொடுத்து ஏற்ற வழியில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வாழ்க்கையில் நாம் ஒரு மேலதிகாரியையோ புது நண்பரையோ பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது மாதிரி. அவர் பிறப்பை வைத்து ஒருவன் அவமரியாதையாகப் பேசும் இடம் உண்டு. கிம் அதற்குப் பழகிப்போனவராக, ஒரு சுருக்கமான பதிலோடு கடந்து போவார். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் எத்தனை வருடம் என்று நாமே யூகிக்க வேண்டியதுதான்.

நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பார். மாலையில் பால்கனியில் நின்று, அன்றைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே. எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பத்துப் பக்க முன்கதை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு சிகரெட் சொன்னதைச் சொல்லியிருக்காது. தன்னை அவ்வளவு கட்டுக்குள் வைத்திருக்கும் ஒருவர், கட்டே இல்லாத நம் பக்கத்தில் நிற்கிறார். முழுக் கதையும் அந்த இரண்டு பேரின் இடைவெளியில்தான் நடக்கிறது.

இன்னொரு வகைத் துணையும் இதில் உண்டு. நம் மூளைக்குள் 24 திறன்கள், ஒவ்வொன்றும் ஒரு குரல். தர்க்கம் ஒன்று சொல்லும், பரிவு வேறொன்று சொல்லும், அதிகாரம் அதட்டச் சொல்லும். இவை கேட்காமலே பேசும், சில நேரம் பொய்யும் சொல்லும். இத்தனை பேர் உள்ளே கூச்சலிடும்போது, வெளியே ஒரே ஒருவர் நிதானமாக நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நாலாவது மணி நேரத்தில் புரியும். நாவல் படிக்கிறவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது, மனவோட்டம் எழுதுவதை அவர்கள் எத்தனையோ பார்த்திருப்பார்கள்.

தங்கையிடம் இதைச் சொன்னபோது குறைகளையும் மறைக்கவில்லை. துணை என்று வருபவர் ஏறக்குறைய ஒருவர்தான், கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு போகும் சுகம் கிடைக்காது. அது வேண்டுமென்றால் டிராகன் ஏஜ்தான், அவள் மடிக்கணினியிலும் ஓடும். டிஸ்கோவின் ஆங்கிலம் லேசு இல்லை, கற்பனை நாட்டின் வரலாறும் அரசியலும் நிறைய வரும். குடிநோயும் மனச்சோர்வும் கதையின் நடுவிலேயே இருக்கின்றன, மனசு சரியில்லாத வாரத்தில் தொடங்கக் கூடாது. இன்னொன்று, ஆரம்பத்தில் பாத்திரத்தை உருவாக்கும்போது உடலுக்கும் மனசுக்கும் உரிய எண்களை 1இல் விடாதே என்றேன். உடம்பு பலவீனமாக இருந்தால், மின்விசிறியில் மாட்டியிருக்கும் கழுத்துப்பட்டையை எட்டி எடுக்கப் போய், அறையை விட்டு வெளியேறும் முன்பே மாரடைப்பில் ஆட்டம் முடிந்துவிடலாம். வேகமாக ஆடத் தேவையில்லை, யாரிடமாவது பேசும்போதும் எதையாவது படிக்கும்போதும்தான் அந்த உலகத்தின் கடிகாரமே நகரும். மற்ற நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நின்று கடலைப் பார்க்கலாம். மொத்தம் 25, 30 மணி நேரம். சலுகை விலை வரும்வரை பொறுத்திருந்து வாங்கினாள்.

நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தது. அந்த உலகத்தில் இரவு 9 மணிக்கு மேல் விடுதிக்குத் திரும்பினால் கிம் தன் அறைக்குத் தூங்கப் போய்விடுவார். நாம் விரும்பினால் தனியாக வெளியே போய்ச் சுற்றலாம், தடையில்லை.

“அண்ணா, அவர் குட் நைட் சொல்லிட்டுப் போயிட்டார். இப்ப நான் என்ன பண்ணினாலும் அவருக்குத் தெரியாது இல்ல?”

“தெரியாது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் அந்தக் கேமின் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஒருத்தர்கிட்ட பேச இன்னும் பாக்கி இருக்கு. ஆனா அவர் இல்லாம போய்ப் பேச வேண்டாம்னு தோணுது. நாமளும் தூங்கலாம்னு இருக்கேன்” என்றாள்.